பதில் சொல்லிக்கொண்டே இருந்த கணவர்: ஷாகிரே கலீலி வழக்கின் பின்னணி

1991ஆம் ஆண்டின் கோடை முடிந்த பிறகு, பம்பாயில் வசித்த ஒரு மகள் பெங்களூரு ரிச்மண்ட் சாலையில் இருந்த தன் தாயின் வீட்டுக்கு ஓயாமல் தொலைபேசியில் அழைத்துக்கொண்டிருந்தார். ஏப்ரல் மாதத்தில் தாயோடு பேசியதுதான் கடைசி. அதன்பின் எப்போது அழைத்தாலும் தாயின் இரண்டாவது கணவரே எடுத்தார். எடுத்தவர் ஒவ்வொரு முறையும் ஒரு பதில் சொன்னார். ஹைதராபாத் போயிருக்கிறார் என்றார். பிறகு, கட்ச் பகுதியில் ஒரு வைர வியாபாரியின் வீட்டுத் திருமணத்துக்குப் போயிருப்பதாகச் சொன்னார். வருமான வரிச் சிக்கல் இருப்பதால் கொஞ்ச காலம் யார் கண்ணிலும் படாமல் இருக்கிறார் என்பது அடுத்த பதில். அதற்கும் பிறகு, அவர் கருவுற்றிருப்பதாகவும் நியூயார்க்கின் ரூஸ்வெல்ட் மருத்துவமனையில் சேர்ந்திருப்பதாகவும் சொல்லப்பட்டது. தொலைபேசியை எடுக்காமல் இருந்ததோ, கேள்வியைக் கேட்டுச் சினந்து துண்டித்ததோ இந்த வரலாற்றில் முக்கியமான இடங்கள் அல்ல. கேட்டபோதெல்லாம் ஒரு பதில் ஆயத்தமாக இருந்தது என்பதுதான் முக்கியம்.

தேடப்பட்ட ஷாகிரே கலீலி அந்த நாட்களில் எல்லாம் அதே வீட்டின் பின்புற மண்ணில், ஒரு மரப்பெட்டிக்குள் இருந்தார். 1991 மே 28 அன்று கணவர் முரளி மனோகர் மிஸ்ரா என்கிற சுவாமி ஷ்ரத்தானந்தா அவரைக் கொன்று அங்கே புதைத்திருந்தார். 1994 ஏப்ரல் 30 அன்று காவல்துறை தோண்டி எடுக்கும் வரை ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் அந்த வீட்டில் விளக்கு எரிந்தது, ஆட்கள் வந்து போனார்கள், நிலங்கள் கைமாறின. (1926இல் டெல்லியில் சுட்டுக்கொல்லப்பட்ட ஆரிய சமாஜத் தலைவரும் சுவாமி ஷ்ரத்தானந்தர் என்றே அழைக்கப்பட்டார், அவருக்கும் இவருக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. குழப்பத்தைத் தவிர்க்க, இந்தக் கட்டுரையில் இவரை மிஸ்ரா என்றே குறிப்பிடுகிறேன்.)

இந்த வழக்கைப் பற்றி எழுதியவர்கள் பெரும்பாலும் இரண்டு இடங்களில் நின்றார்கள்: ஒன்று குழி, மற்றொன்று போலிச் சாமியார். இரண்டும் கவனத்தை இழுப்பவைதான். ஆனால் ஒரு மனிதரை மூன்று ஆண்டுகள் இல்லாமல் ஆக்கி வைத்தது குழியின் ஆழம் அல்ல. கணவர் என்ற உறவுக்கு நம் சமூகமும் அலுவலகங்களும் சட்டமும் கொடுத்திருக்கும் நம்பகம். மனைவி எங்கே என்ற கேள்விக்குக் கணவரின் சொல்லே கடைசிச் சொல்லாக எடுத்துக்கொள்ளப்படுகிறது. அந்தச் சொல் எப்படி உழைத்தது, எங்கே முறிந்தது என்பதை விளங்கிக்கொள்ள, கதையைச் சற்றுப் பின்னாலிருந்து தொடங்க வேண்டும்.

ஷாகிரே, சர் மிர்சா இஸ்மாயிலின் பேத்தி. 1926 முதல் 1941 வரை மைசூர் சமஸ்தானத்தின் திவானாகவும், பின்னர் ஜெய்ப்பூர், ஹைதராபாத் சமஸ்தானங்களின் தலைமை நிர்வாகியாகவும் இருந்தவர் மிர்சா இஸ்மாயில். பிருந்தாவனத் தோட்டத்தைப் பார்த்தவர்கள் அவருடைய கைவண்ணத்தைப் பார்த்தவர்களே. பாரசீகத்திலிருந்து வந்து பெங்களூரில் வேரூன்றிய பெருங்குடும்பம் அது. அந்த வழியில் வந்த ஷாகிரேவுக்கு நகரின் மதிப்பு மிக்க இடங்களில் சொந்தப் பெயரிலேயே நிலங்கள் இருந்தன. இந்திய வெளியுறவுப் பணி அதிகாரி அக்பர் மிர்சா கலீலியை மணந்து நான்கு பெண் குழந்தைகளுக்குத் தாயானார்.

1983இல் கலீலி தம்பதியர் டெல்லியில் முன்னாள் ராம்பூர் நவாபின் குடும்பத்தைச் சந்திக்கச் சென்றபோது, அங்கே சொத்து விவகாரங்களைக் கவனித்து வந்த மிஸ்ரா அறிமுகமானார். நகர்ப்புற நில உச்சவரம்புச் சட்டம் நடைமுறையில் இருந்த காலம் அது. பெரிய மனைகளை வைத்திருந்தவர்கள் எல்லாரும் அந்தச் சட்டத்தின் நெளிவு சுளிவு தெரிந்த ஆளைத் தேடிக்கொண்டிருந்தார்கள். ஷாகிரேவுக்கும் அந்தத் தேவை இருந்தது. அவருடைய அழைப்பின்பேரில் மிஸ்ரா பெங்களூருக்கு வந்தார், ரிச்மண்ட் சாலை வீட்டின் ஒரு பகுதியிலேயே தங்கினார். அப்போது கலீலி பணி நிமித்தம் ஈரானில் இருந்தார். மணமுறிவு ஏற்பட்டது, 1986 ஏப்ரல் 17 அன்று ஷாகிரேவும் மிஸ்ராவும் சிறப்புத் திருமணச் சட்டத்தின்படி மணம் செய்துகொண்டார்கள்.

இந்தத் திருமணம் உறவினர் பலருக்கு ஏற்புடையதாக இல்லை. அவர்கள் வந்துபோவது குறைந்தது. நான்கு மகள்களில் இரண்டாமவர் மட்டுமே தாயோடு விடாமல் தொடர்பில் இருந்தார். இந்தச் செய்தியை நான் சாதாரணமாகக் கடந்து செல்ல விரும்பவில்லை. உறவினர்கள் முகம் திருப்பிக்கொண்ட வீட்டில், பக்கத்தில் இருக்கும் ஒருவரே அந்தப் பெண்ணுக்கும் வெளியுலகுக்கும் நடுவே நிற்கும் கதவாகிவிடுகிறார். விருப்பத் திருமணம் செய்துகொண்ட பெண்ணை உறவு முறித்து ஒதுக்கும் குடும்பங்கள் நம்மிடையே எத்தனையோ உண்டு. தண்டிப்பதாக நினைத்து அவர்கள் செய்வது, அந்தப் பெண்ணைப் பற்றி விசாரிக்கும் ஆட்களின் எண்ணிக்கையைக் குறைப்பதுதான். நான்கு பக்கமிருந்தும் தொலைபேசி வந்துகொண்டிருந்தால் நான்கு பேருக்கும் ஒரே மாதிரியான பொய்யைச் சொல்ல வேண்டியிருக்கும். ஒரே ஒரு மகளிடம் வெவ்வேறு பொய்களை மாற்றி மாற்றிச் சொல்வது அதைவிட எளிது.

திருமணத்துக்குப் பின் ஷாகிரே தன் சொத்துகளைக் கையாளும் பொது அதிகார ஆவணத்தைக் கணவர் பெயருக்கு எழுதிக் கொடுத்தார். உயில் ஒன்றும் எழுதப்பட்டது. வங்கிக் கணக்குகளும் லாக்கர்களும் இருவர் பெயரிலும் இருந்தன. கணவரை நம்பும் எந்த மனைவியும் செய்யக்கூடிய ஏற்பாடுகள் இவை. இவற்றில் அவருடைய அறியாமை எதுவும் இல்லை. ஆனால் கொலை ஏன் காணாமல் போனதாகக் காட்டப்பட்டது என்ற கேள்விக்கான விடை இந்த ஆவணங்களின் தன்மையில்தான் இருக்கிறது.

நம் ஊரில் ‘பவர்’ என்று சுருக்கிச் சொல்லப்படும் பொது அதிகார ஆவணம், அதை எழுதிக் கொடுத்தவர் உயிரோடு இருக்கும் வரைதான் செல்லும். இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 201ஆம் பிரிவின்படி, அதிகாரம் கொடுத்தவர் இறந்ததும் முகவரின் அதிகாரம் முடிவுக்கு வருகிறது. உயில் இதற்கு நேர் எதிரானது. எழுதியவர் இறந்த பிறகுதான் அதற்கு உயிர் வரும். இறந்துவிட்டார் என்று அறிவித்தால் இறப்புச் சான்றிதழ் வேண்டும், உடல் வேண்டும், எப்படி இறந்தார் என்ற கேள்விக்கு மருத்துவர் பதில் சொல்ல வேண்டும்; நான்கு மகள்களும் வாரிசுகளாக வந்து நிற்பார்கள். இறந்ததைச் சொல்லாமல் விட்டால் பவர் பத்திரம் தொடர்ந்து பேசும். ஆகவே மிஸ்ராவுக்கு உடல் மறைந்தால் மட்டும் போதாது. தாளில் மனைவி வாழ்ந்துகொண்டே இருக்க வேண்டும். கொலைக்குப் பிறகு அவர் அந்த அதிகாரத்தைப் பயன்படுத்தி நிலங்களை விற்றார், கணக்குகளையும் லாக்கர்களையும் கையாண்டார். மகளுக்குச் சொன்ன ஹைதராபாத், கட்ச், நியூயார்க் கதைகளின் உள்நோக்கம் இதுதான். ஊர் ஊராகப் போய்க்கொண்டிருக்கும் பெண் உயிரோடு இருக்கும் பெண் அல்லவா?

தமிழ்நாட்டுச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பவர் பத்திரத்தைக் கொண்டு கிரயம் செய்யப் போனவர்களுக்குத் தெரிந்திருக்கும்: பவர் கொடுத்தவர் உயிருடன் இருக்கிறார் என்ற மருத்துவரின் சான்று இன்று கேட்கப்படுகிறது. வரிசையில் நிற்பவர்களுக்கு அது ஒரு அலைச்சல். இன்னும் ஒரு தாள், இன்னும் ஒரு முத்திரை. ஆனால் அந்தத் தாள் கேட்கும் கேள்வியை 1991இலும் 1992இலும் ரிச்மண்ட் சாலைச் சொத்துகளுக்காக யாராவது கட்டாயமாகக் கேட்டிருந்தால், கணவரின் வாய்ச்சொல் அந்த மேசையிலேயே நின்றிருக்கும்.

1991 மே மாதத்துக்கு வருவோம். கொலைக்கு முன்பே ஆயத்தங்கள் நடந்தன என்பதே நீதிமன்றம் பின்னர் நிறுவிய சங்கிலியின் முதல் கண்ணி. மிஸ்ரா ஒரு பெரிய மரப்பெட்டியைச் செய்யச் சொல்லி வாங்கினார். வீட்டுக்குப் பின்னால், படுக்கையறையை ஒட்டி, கழிவுநீர்க் குழி என்று சொல்லி ஆட்களைக் கொண்டு குழி தோண்டப்பட்டது. மே 28 அன்று மயக்க மருந்து கொடுத்து மனைவியைச் செயலிழக்கச் செய்து, படுக்கையோடு பெட்டிக்குள் வைத்து, குழிக்குள் இறக்கி மண்ணால் மூடினார். அதன்மேல் கற்பலகைகள் பதித்துப் பூசப்பட்டன. பெட்டியைச் செய்த தச்சர் பெட்டியை மட்டும் அறிவார். குழி வெட்டியவர்களுக்கு அது கழிவுநீர்க் குழி. கல் பதித்தவர்களுக்கு அது முற்றத்துத் தரை. ஒவ்வொருவர் கையிலும் ஒரு துண்டு இருந்தது. கூலி வாங்கிக்கொண்டு போன அவர்களில் யாருக்கும் மற்றவரின் துண்டைப் பற்றித் தெரியாது. பல ஆண்டுகளுக்குப் பிறகு அந்தத் துண்டுகளைச் சேர்த்து வைத்தபோதுதான் அவற்றின் வடிவம் தெரிந்தது.

ஒரு தற்செயலை இங்கே சொல்லியாக வேண்டும். இந்தக் கொலைக்குச் சரியாக ஒரு வாரம் முன்பு, மே 21 அன்று ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தி கொல்லப்பட்டார். அடுத்த மாதங்களில் தேடுதல் வேட்டை பெங்களூரு வரை நீண்டது. ஆகஸ்ட் 20 அன்று நகரின் புறத்தே கோனனகுண்டேயில் ஒரு வீடு முற்றுகையிடப்பட்டு, உள்ளே இருந்த சிவராசன் உள்ளிட்டவர்கள் இறந்து கிடந்தார்கள். யார் வீட்டில் யார் ஒளிந்திருக்கிறார்கள் என்று ஊரே பார்த்துக்கொண்டிருந்த அந்த நாட்களில், ரிச்மண்ட் சாலையில் ஒரு வீட்டுக்காரி காணப்படவில்லை என்பதைப் பார்க்க மகள் ஒருவரைத் தவிர யாரும் இல்லை. இந்த இரண்டு வழக்குகளும் பிற்காலத்தில் உச்ச நீதிமன்றத்தின் ஒரே தீர்ப்புக்குள் சந்திக்கப் போகின்றன என்று அன்று யாரும் நினைத்திருக்க முடியாது. அதைப் பின்னால் பார்ப்போம்.

மகள் வெறும் பதில்களோடு அமைதியடையவில்லை. அவரை முன்னே நகர்த்தியவை இரண்டு சிறிய சரிபார்ப்புகள். ரூஸ்வெல்ட் மருத்துவமனையில் விசாரித்தார். அப்படி ஒரு நோயாளி அங்கே இல்லை. பின்னர் தாயின் கடவுச்சீட்டு அவர் கண்ணில் பட்டது. அமெரிக்காவில் இருப்பதாகச் சொல்லப்பட்டவரின் கடவுச்சீட்டு இந்தியாவில் இருந்தது, வெளிநாடு சென்றதற்கான பதிவும் அதில் இல்லை. கணவர் என்ற உறவு சொல்லும் எந்த வார்த்தையையும் இன்னொரு உறவின் வார்த்தையால் முறிக்க முடிந்திருக்காது. அது குடும்பச் சண்டையாகத்தான் பார்க்கப்பட்டிருக்கும். முத்திரை இல்லாத ஒரு கடவுச்சீட்டுப் பக்கத்தோடு வாதாட முடியாது.

1992 ஜூன் 10 அன்று பெங்களூரு அசோக் நகர் காவல் நிலையத்தில் தாயைக் காணவில்லை என்று மகள் புகார் கொடுத்தார். ஷாகிரே இறந்து ஓராண்டுக்கும் மேல் ஆகியிருந்தது. அதற்குப் பிறகும் ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் விசாரணை எங்கும் நகரவில்லை. நாளிதழ்களின் உள்பக்கங்களில் ‘பெண் மாயம்’ என்ற இரண்டு சொற்களின் கீழ் நாம் தினமும் பார்க்கும் வகை வழக்கு இது. காணாமல் போனவர் வயதுக்கு வந்தவர், படித்தவர், வசதியானவர் என்றால், விருப்பப்பட்டு எங்கோ போயிருப்பார் என்ற எண்ணமே முதலில் எழுகிறது. அந்த எண்ணத்தை ஆமோதிக்கக் கணவரே முன்வரும்போது, காவல் நிலையத்தில் அந்தக் கோப்புக்கு அவசரம் ஏற்படுவதில்லை.

சட்டமும் இந்த இடத்தில் உறவினரைத்தான் அளவுகோலாக வைத்திருந்தது. இந்தியச் சாட்சியச் சட்டத்தின் 107ஆம் பிரிவின்படி, கடந்த 30 ஆண்டுகளுக்குள் ஒருவர் உயிரோடு இருந்தார் என்று காட்டப்பட்டால், அவர் இறந்துவிட்டார் என்று சொல்பவர்தான் அதை மெய்ப்பிக்க வேண்டும். 108ஆம் பிரிவு இதற்கு விதிவிலக்கு: உயிரோடு இருந்தால் இயல்பாக யாருக்குத் தகவல் வந்திருக்குமோ, அவர்களுக்கு ஏழு ஆண்டுகளாக எந்தத் தகவலும் வரவில்லை என்றால், உயிரோடு இருக்கிறார் என்று சொல்பவர் மெய்ப்பிக்க வேண்டும். 2024 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்திருக்கும் புதிய சாட்சியச் சட்டத்திலும் இதே விதிகள் தொடர்கின்றன. இயல்பாகத் தகவல் வந்திருக்க வேண்டியவர் யார்? மனைவியைப் பொறுத்தவரை முதலில் கணவர். அவரே கொன்றவராக இருக்கும்போது, தகவல் வந்துகொண்டுதான் இருக்கிறது என்று அவர் சொல்லும்போது, அந்த அளவுகோலின் அடி பெயர்ந்துவிடுகிறது.

இது பெங்களூருக்கு மட்டும் உரிய கதை அல்ல. ஆஸ்திரேலியாவின் சிட்னியில் 1982 ஜனவரியில் லினெட் டாசன் என்ற இளம் தாய் காணாமல் போனார். கணவர் கிறிஸ் டாசன் வாரக்கணக்கில் கழித்தே புகார் கொடுத்தார். வீட்டை விட்டுப் போன மனைவி தொலைபேசியில் பேசியதாகச் சொன்னார். இரண்டு பெண் குழந்தைகளை விட்டுவிட்டுப் போனவர் என்ற பழியை அந்தப் பெண் நாற்பது ஆண்டுகள் சுமந்தார். 2022 ஆகஸ்டில்தான் கணவர் கொலைக் குற்றவாளி எனத் தீர்ப்பு வந்தது. உடல் கிடைக்கவே இல்லை. ஊரும் சட்டமும் மொழியும் வேறு; தன்னிடம் மனைவி பேசினாள் என்ற அந்த ஒரு வாக்கியம் இரண்டு இடத்திலும் ஒரே வேலையைச் செய்தது.

1994 மார்ச்சில் வழக்கு பெங்களூரு மத்தியக் குற்றப் பிரிவின் கைக்குப் போனது. அவர்கள் மிஸ்ராவை விசாரித்தார்கள். அவர் சொன்னதைத் தொடர்ந்து, ஏப்ரல் 30 அன்று, அதிகாரிகளும் மருத்துவரும் முன்னிலையில் இருக்க, அவர் காட்டிய இடத்தில் கற்பலகைகள் பெயர்க்கப்பட்டன. தோண்டியது வீடியோவில் பதிவு செய்யப்பட்டது. மண்ணுக்குள்ளிருந்து மரப்பெட்டி வந்தது. பெட்டிக்குள் படுக்கையும், இரவு உடையோடு எலும்புக்கூடும் இருந்தன. அணிந்திருந்த நகைகளைப் பார்த்து ஷாகிரேவின் தாய் மகளை அடையாளம் காட்டினார். மூன்று ஆண்டுகள் மகளைக் காணாதிருந்த அந்தத் தாய்க்கு, கடைசியில் உண்மையைச் சொன்னவை அந்த நகைகள்.

காவல்துறையிடம் ஒருவர் கொடுக்கும் ஒப்புதல் வாக்குமூலம் நீதிமன்றத்தில் அவருக்கு எதிரான சான்றாகாது என்பது அன்றைய சாட்சியச் சட்டத்தின் 25ஆம் பிரிவு. அடித்து வாங்கிய வாக்குமூலங்களின் நீண்ட வரலாறே அந்தப் பிரிவுக்குக் காரணம். பிறகு எப்படி இந்த வழக்கு நின்றது? 27ஆம் பிரிவு ஒரு சிறு வாசலைத் திறந்து வைத்திருந்தது. காவலில் இருப்பவர் சொன்ன தகவலால் ஒரு உண்மை கண்டுபிடிக்கப்பட்டால், அந்தக் கண்டுபிடிப்போடு நேரடியாகத் தொடர்புள்ள பகுதி மட்டும் ஏற்கப்படும். கண்டுபிடிக்கப்பட்ட பொருளை மட்டும் இது குறிப்பதில்லை. அது இருந்த இடமும், அந்த இடம் சொன்னவருக்குத் தெரிந்திருந்தது என்பதும் சேர்ந்ததே கண்டுபிடிப்பு என்று 1946இல் புலுகுரி கோட்டையா வழக்கில், அன்று இந்திய வழக்குகளுக்கு இறுதி மேல்முறையீட்டு மன்றமாக லண்டனில் இருந்த பிரிவி கவுன்சில் விளக்கியது. ஆகவே ‘நான் கொன்றேன்’ என்ற சொல்லுக்கு மதிப்பில்லை. ‘இங்கே இருக்கிறது’ என்று காட்டிய விரலுக்கு மதிப்பு உண்டு. உலகில் யாருக்கும் தெரியாத ஓரிடம் இவருக்கு எப்படித் தெரிந்தது என்ற கேள்விக்கு மிஸ்ராவிடம் ஒப்பக்கூடிய விளக்கம் இல்லை.

அடுத்து, எலும்புக்கூடு ஷாகிரேவுடையதுதானா என்பது. மண்டையோட்டின் படத்தை அவர் உயிரோடு இருந்தபோது எடுத்த புகைப்படத்தின் மேல் பொருத்திப் பார்க்கும் முறை கையாளப்பட்டது. கண்குழியின் இடைவெளி, மூக்கெலும்பு, தாடையின் கோடு ஆகியவை ஒரே அளவில் ஒன்றின்மேல் ஒன்று அமர வேண்டும். இந்த முறை ஒருவரை விலக்குவதற்கு மிக வலுவானது. இவர்தான் என்று நிறுவுவதற்கு அந்த அளவு வலுவானதல்ல. அதனால் டி.என்.ஏ. சோதனையும் நடந்தது. இந்தியாவில் டி.என்.ஏ. சோதனை அப்போது தளிர்நடை போட்டுக்கொண்டிருந்தது. ஹைதராபாத்தில் எலும்பிலிருந்து எடுத்த மாதிரியும் தாயின் ரத்த மாதிரியும் ஒப்பிடப்பட்டன. நகை, மண்டையோடு, மரபணு என்று மூன்று வழியாகவும் ஒரே விடை வந்தது.

நான்கு சுவருக்குள் நடந்த குற்றத்தில், உள்ளே இருந்த மற்றவர் வாய் திறக்க வேண்டாமா என்ற கேள்விக்கு அதே சாட்சியச் சட்டத்தின் 106ஆம் பிரிவு பதில் வைத்திருந்தது: ஒருவருக்கு மட்டுமே தெரிந்திருக்கக்கூடிய செய்தியை விளக்க வேண்டிய பொறுப்பு அவருடையது. குற்றத்தை மெய்ப்பிக்கும் அடிப்படைச் சுமை எப்போதும் அரசுத் தரப்புடையதே. ஆனால் கணவனும் மனைவியும் சேர்ந்து வாழ்ந்த வீட்டில் மனைவிக்கு என்ன ஆனது என்பதற்குக் கணவர் விளக்கம் தராவிட்டாலும், தந்த விளக்கம் பொய்யானாலும், அதுவே சங்கிலியின் இன்னொரு கண்ணியாகும் என்று உச்ச நீதிமன்றம் 2006இல் திரிமுக் மரோத்தி கிர்கன் வழக்கில் சொன்னது. மிஸ்ராவை மூன்று ஆண்டுகள் காப்பாற்றிய பதில்கள் ஒவ்வொன்றும் நீதிமன்றத்தில் அவருக்கு எதிரான சான்றாகத் திரும்பின.

விசாரணை பதினோரு ஆண்டுகள் நடந்தது. 2005 மே மாதத்தில் பெங்களூரு செஷன்ஸ் நீதிமன்றம் கொலைக்காகத் தூக்குத் தண்டனையும், தடயத்தை மறைத்ததற்காக இந்தியத் தண்டனைச் சட்டம் 201ஆம் பிரிவின்கீழ்த் தனித் தண்டனையும் விதித்தது. ஒப்பந்தச் சட்டத்திலும் தண்டனைச் சட்டத்திலும் அவரைப் பிடித்தது ஒரே எண் கொண்ட பிரிவு என்பது ஒரு வியப்பான பொருத்தம். கர்நாடக உயர் நீதிமன்றம் அதே ஆண்டில் தூக்கை உறுதி செய்தது. 2007இல் உச்ச நீதிமன்றத்தில் இரு நீதிபதிகளும் குற்றத்தில் ஒத்துப்போய்த் தண்டனையில் பிரிந்தார்கள்: நீதிபதி மார்க்கண்டேய கட்ஜு தூக்கு என்றார்; நீதிபதி எஸ்.பி. சின்ஹா வாழ்நாள் முழுதும் சிறை என்றார். வழக்கு மூன்று நீதிபதிகள் முன் போனது.

2008 ஜூலை 22 அன்று நீதிபதி அஃப்தாப் ஆலம் எழுதிய தீர்ப்பு, இந்தக் குற்றத்தை மீறி நிலைத்துவிட்ட ஒன்று. ஆயுள் தண்டனை என்றால் 14 ஆண்டு என்பது நம் ஊரில் பரவலான நம்பிக்கை. சட்டப்படி அது சரியல்ல. ஆயுள் என்பது இயற்கையான ஆயுள் முழுவதும் என்று 1961இலேயே கோட்சேயின் சகோதரர் கோபால் கோட்சே வழக்கில் சொல்லப்பட்டுவிட்டது. 14 ஆண்டு என்பது, தண்டனைக் குறைப்புக்கு முன் கட்டாயம் கழிக்க வேண்டிய குறைந்த காலம் மட்டுமே. ஆனால் நடைமுறையில் அரசுகள் பலரை அந்த அளவில் விடுவித்து வந்தன. ஒரு பக்கம் 14 ஆண்டு, மறுபக்கம் தூக்கு, நடுவே எதுவும் இல்லை என்றால், 14 ஆண்டு மிகக் குறைவு என்று கருதும் நீதிபதி தூக்கின் பக்கம் தள்ளப்படுவார் என்ற கவலையைத் தீர்ப்பு வெளிப்படையாகப் பேசியது. தூக்கு விதிப்பதில் நீதிமன்றங்களிடையே ஒரே சீர் இல்லை என்பதையும் ஒப்புக்கொண்டது. அந்த இடைவெளியில் ஒரு தண்டனையை வைத்தது: தண்டனைக் குறைப்பு இல்லாத, உயிருள்ள வரைக்குமான சிறை. மிஸ்ராவுக்கு அதுவே விதிக்கப்பட்டது.

நாடாளுமன்றம் எழுதாத ஒரு தண்டனையை நீதிமன்றம் உருவாக்கலாமா என்ற ஐயம் பிற்காலத்தில் எழுந்தது. அதற்கு விடை தமிழ்நாட்டிலிருந்து போன ஒரு வழக்கில் கிடைத்தது. ராஜீவ் காந்தி கொலை வழக்கில் மூவரின் தூக்கு 2014 பிப்ரவரியில் ஆயுளாகக் குறைக்கப்பட்ட மறுநாள், ஏழு பேரையும் விடுவிக்கத் தமிழக அரசு முடிவெடுத்தது. மத்திய அரசு உச்ச நீதிமன்றம் சென்றது. 2015 டிசம்பர் 2 அன்று ஐந்து நீதிபதிகள் கொண்ட அரசியல் சாசன அமர்வு, காரைக்குடிக்காரரான நீதிபதி இப்ராஹிம் கலிஃபுல்லா எழுதிய பெரும்பான்மைத் தீர்ப்பின் மூலம், மூன்றுக்கு இரண்டு என்ற கணக்கில் மிஸ்ரா வழக்கின் விதியை உறுதி செய்தது. இத்தகைய தண்டனையை உயர் நீதிமன்றங்களும் உச்ச நீதிமன்றமும் மட்டுமே விதிக்கலாம்; குடியரசுத் தலைவர், ஆளுநர் ஆகியோரின் மன்னிப்பு அதிகாரத்தை அது தொடாது. 2020 ஜூனில் உடுமலைப்பேட்டை சங்கர் கொலை வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் ஐவரின் தூக்கைக் குறைத்தபோது, 25 ஆண்டுகள் தண்டனைக் குறைப்பின்றிச் சிறையில் இருக்க வேண்டும் என்று சொல்ல முடிந்ததற்கான வேர் ரிச்மண்ட் சாலை வழக்கில்தான் இருக்கிறது.

என் கருத்தில் 2008இன் தீர்ப்பு சரியானது. உயிரை எடுக்காமலேயே, எடுத்த உயிரின் மதிப்பைச் சொல்லும் வழி அதில் இருக்கிறது. இறக்கும் வரை வெளியே வர முடியாத சிறை என்பது தூக்கைவிட மென்மையானது என்று எண்ணுபவர்கள் அதன் நீளத்தை நினைத்துப் பார்க்கவில்லை. சிறையில் ஒருவர் உண்மையிலேயே மாறினாலும் அதைப் பார்த்துக் கதவைத் திறக்க ஆளுநரையும் குடியரசுத் தலைவரையும் தவிர யாருக்கும் வழியில்லை என்ற மறுப்பு வலுவானது. அதை நான் தள்ளிவிடவில்லை.

2022 நவம்பர் 11 அன்று ராஜீவ் வழக்கில் எஞ்சியிருந்த ஆறு பேரும் உச்ச நீதிமன்றத்தால் விடுவிக்கப்பட்டார்கள். அவர்களுக்குக் கிடைத்தது தனக்கும் வேண்டும் என்று, மத்தியப் பிரதேசத்தின் சாகர் சிறைக்கு மாற்றப்பட்டிருந்த மிஸ்ரா மனுச் செய்தார். எண்பது வயதைக் கடந்துவிட்டதையும், இத்தனை ஆண்டுகளில் ஒரு நாள்கூடப் பரோலில் வெளியே வந்ததில்லை என்பதையும் அவருடைய வழக்கறிஞர் எடுத்துச் சொன்னார். 2024இல் உச்ச நீதிமன்றம் விடுதலைக் கோரிக்கையையும், 2008 தீர்ப்பை மறுஆய்வு செய்யும் கோரிக்கையையும் ஏற்க மறுத்தது.